ஊரிலை எவடம்?

எம்மவர் நாலு பேர் வேலைத்தளத்தில் தேநீர் குடிக்க இருந்தால் அடிக்கடி வரும் பேச்சு இது: "கறுப்பினத்தவர் எதற்கெடுத்தாலும் அடிமைக் கதைதான் கதைப்பார்கள். அது எப்பவோ முடிந்தது. எங்களைப் போல் வேலையைப் பார்த்து முன்னேற வேண்டியதுதானே?" செவன் கிங்ஸ் கடைத்தெருவில் கறுப்பு இளைஞர் எதிரே வந்தால் கைப்பையை இறுக்கிப் பிடிப்பவர்களும் நாம்தான். அவர்களைக் குறிக்க எமது வீடுகளில் வழங்கும் சொல்லை இங்கே எழுத வெட்கமாக உள்ளது.

எப்பவோ முடிந்த கதையா? 1833ஆம் ஆண்டு பிரித்தானியா அடிமை ஒழிப்புச் சட்டம் செய்தபோது 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை, முழுவதும் அவர்களை வைத்திருந்த முதலாளிமாருக்கே! அதற்காக வாங்கிய கடன் கட்டி முடிந்தது 2015இல்தான். அதுவரை இங்கே வரி கட்டிய எம்மவர் பணமும், ஜமேக்காவிலிருந்து வந்தவர் பணமும் அதற்குப் போயிருக்கிறது. அமெரிக்காவில் 1865இல் அடிமை முறை ஒழிந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வலுவான சட்டம் வந்தது 1965இல். நூறு வருடம் ஏமாற்றப்பட்டவர்களிடம் நம்பிக்கை எப்படி வரும்?

சரி, எமது ஊருக்கு வருவோம். காணி, சீதனம் என்றால் நாம் தேசவழமை பேசுவோம். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் எழுத்தில் வந்த அந்தத் தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. சில சாதியினரை அடிமைகள் என்று பெயர் சொல்லியே அது குறித்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. 1844இல்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது.

சட்டத்தில் ஒழிந்தது, கிணற்றடியில் ஒழியவில்லை. டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற பேச்சு வந்தபோது அதை எதிர்த்தவர் எமது பெருந்தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்களை மறித்தவர்களுக்கு முன்னின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். 1844இலிருந்து 124 வருடங்கள் போன பின்பு!

இது எமது அரசியலையும் பாதித்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதே பண்டாரநாயக்கா அரசின் காலத்தில், 1957இல், கோவிலிலும் தேநீர்க்கடையிலும் சாதி பார்த்து மறிப்பதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. தமிழரசுக் கட்சியும் தீண்டாமை ஒழிய வேண்டும் என்றது. ஆனாலும் சிறுபான்மைத் தமிழர் மகாசபைத் தலைவர்களில் ஒருவரான எம்.சி. சுப்பிரமணியம் 1970இல் நாடாளுமன்றம் போனது கொழும்பு அரசின் நியமனத்தில்தான். இப்படிப் போனவர்களைத் துரோகிகள் என்று ஏசியவர்கள் எம்மிடையே பலர். இவர்கள் எங்களை ஏன் நம்பவில்லை என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

கடல் கடந்து அகதியாக வந்தோம். வீட்டுக்காரனும் முதலாளியும் எமது நிறத்தைப் பார்த்தால் கொதிக்கிறோம். ஆனால் புதிதாக ஒரு தமிழரைக் கண்டால், பெயருக்கு அடுத்த கேள்வி, "ஊரிலை எவடம்? எந்தக் கோவிலடி?" ஊர்ப் பாசத்தில் கேட்பவர்களும் உண்டு. எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்கப்பட்டவருக்கு உடனே விளங்கிவிடும். அவர் பக்கத்து நகரத்தின் பெயரைச் சொல்லிப் பேச்சை மாற்றுவார். அடுத்த ஒன்றுகூடலுக்கு வரமாட்டார். ஒற்றுமை இல்லை என்று நாம் மேடையில் கவலைப்படுவோம்.

எமது பிள்ளைகளுக்கு 1983ஐச் சொல்லி வளர்க்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அதோடு மாவிட்டபுரத்தையும் சொல்லுவோம். இங்கே பிறந்த பிள்ளை பள்ளியில் அமெரிக்க அடிமை வரலாற்றைப் படித்துவிட்டு வந்து, "அப்பா, எங்கட ஊரிலையும் இருந்ததா?" என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். இருந்தது, வைத்திருந்தவர்களும் தமிழர்தான் என்று சொல்லுவோம். வேலைத்தளத்தில் பக்கத்தில் நிற்கும் கறுப்பினத் தோழருக்கும் அதையே சொல்லலாம். எப்பவோ முடிந்த கதை என்று அவரிடம் சொல்ல எமக்கு உரிமை இல்லை.