ஒரு நாள் கூடத் தங்கியதன் விலை

யொரிகோ கவாகுச்சி என்ற பெயர் நம் வர்த்தகர்களில் பலருக்கு ஞாபகம் இருக்காது. இலங்கைக்கு 4.5 பில்லியன் டொலர் உதவி தருவதாக வாக்களிக்கப்பட்ட 2003 ஜூன் டோக்கியோ மாநாட்டின்போது ஜப்பானின் வெளிவிவகார அமைச்சர் அவர்தான்.

நான் அவரைக் கொடுக்கல் வாங்கல் தெரிந்த ஒருவராகவே பார்க்கிறேன். 1965இல் வர்த்தக அமைச்சில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தவர். 1993 முதல் ஏழு வருடம் சன்டோரி கம்பனியில் பணிப்பாளர். (மதுபானம் விற்கும் கம்பனி, அந்தப் பக்கத்தை விட்டுவிடுவோம்.) 2001 ஜனவரியில் சுற்றாடல் அமைச்சு உருவானபோது அதன் முதல் அமைச்சர்.

இரண்டே மாதத்தில் அமெரிக்கா கியோட்டோ உடன்படிக்கையைக் கைவிட்டது. ஜப்பானும் விலகினால் அது அமுலுக்கு வருவதே சந்தேகம் என்ற நிலை. சரக்கு தட்டுப்பாடாக இருக்கும்போது விலை பேசுகிறவனின் கை ஓங்கியிருக்குமல்லவா? ஜப்பான் பேரம் பேசியது. தன் காடுகள் உறிஞ்சும் காபனில் வருடத்துக்கு 13 மில்லியன் தொன் வரை கணக்கில் சேர்த்துக்கொள்ளும் சலுகையைப் பெற்றது. 2002 ஜூனில் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. காடு தானாக வளர்ந்ததற்கும் வரவு வைப்பதா என்று சுற்றாடல் ஆர்வலர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் கடையை மூடாமல் காப்பாற்றிய பேரம் அது என்பேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2013இல் நடந்தது. அப்போது அவர் மேல்சபையின் சுற்றாடல் குழுத் தலைவர். தீவுப் பிரச்சினையால் சீனாவும் ஜப்பானும் முகம் கொடுத்துப் பேசாத காலம். ஏப்ரலில் பீஜிங் போனவருக்கு சீனாவின் வெளிவிவகாரப் பொறுப்பாளர் யாங் ஜீச்சியைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தது. அதற்கு ஒரு நாள் கூடத் தங்க வேண்டும். சபையின் அனுமதி கிடைக்கவில்லை. தங்கிவிட்டார். அன்று நடக்கவிருந்த குழுக் கூட்டம் ரத்தானது. மே 9இல் எதிர்க்கட்சிகள் வாக்களித்து அவரைத் தலைமையிலிருந்து நீக்கின. ஜப்பான் பாராளுமன்றத்தில் குழுத் தலைவர் ஒருவர் இப்படி நீக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

எதிர்க்கட்சிகள் செய்தது சட்டப்படி சரி. கடைத் திறப்பு கையில் உள்ளவர் நேரத்துக்கு வராவிட்டால் வெளியே நிற்பவர்கள் கோபப்படத்தான் செய்வார்கள். ஆனால் பேச்சுவார்த்தையே நின்றுபோன இரண்டு நாடுகளுக்கிடையில் கதவைத் திறக்கக் கிடைத்த ஒரு நாளை, குழுக் கூட்டத்தோடு வைத்து நிறுத்துப் பார்த்த தராசில்தான் எனக்குக் குறை தெரிகிறது. கூட்டத்தை மறுநாள் வைக்கலாம். அந்தச் சந்திப்பை வைக்க முடியாது. அவர் இடத்தில் இருந்தால் நானும் தங்கியிருப்பேன்.

அந்த வருடம் ஜூலையில் பதவிக்காலம் முடிந்தது. கவாகுச்சி மறுபடி போட்டியிடவில்லை.