பெயரழிந்தால் இனமழியும்!

கலப்பு ஒரு மொழியை எவ்வாறு அழிக்கும் என்பதைத் தமிழர்க்கு எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டுவதில்லை. முதலில் அயற்சொல் விருந்தாக வரும். பிறகு இல்லத்துச் சொல்லோடு ஒட்டி இருக்கும். முடிவில் இல்லத்துச் சொல் திண்ணைக்குப் போய், திண்ணையினின்று தெருவுக்குப் போய், ஒருநாள் அகரமுதலியில் மட்டும் கிடக்கும். மொழியில் நிகழ்ந்த இக்கேடு, தமிழனின் தொழுவத்திலும் அடி பிறழாமல் நிகழ்ந்து வருகிறது. அதனைக் கண்டு வருந்துவார் சிலர். கண்டும் காணாதார் பலர். கைதட்டிப் பரிசு வழங்குவாரும் உளர்!

கால்நடை வளர்ப்போர் கழகங்களும் அரசின் கால்நடைத் துறையும் ஊர்தோறும் நடத்தும் கண்காட்சிகளையும் கன்றுப் போட்டிகளையும் சற்றே நோக்குக. கறவைப் போட்டி என்றால் பாலின் அளவு ஒன்றே அளவுகோல். கன்றுப் போட்டி என்றால் கொழுத்த கலப்பினக் கிடாரிக்கே முதலிடம். ஒலிபெருக்கியில் ‘சாம்பியன்’ என்னும் முழக்கம். மதிப்பெண் தாளில் ஆங்கிலம். மாட்டின் கழுத்தில் ஆங்கில எண்ணட்டை. மாட்டைப் பிடித்து நிற்கும் உழவனோ, தன் மாடு எதனால் வென்றது, எதனால் தோற்றது என்று அறியாமலே வீடு திரும்புகிறான். மாட்டை அவனைவிட நன்கறிந்தவர் அப்பந்தலில் எவரும் இலர். எனினும் அவனறிந்த சொல் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை!

மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்ட இனம் இது. தொல்காப்பிய மரபியல், உயிரினங்களின் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் இளமைப் பெயர்களையும் தனித்தனியே தொகுத்துரைக்கின்றது. ஏறு எது, நாகு எது, கன்று எது, மறி எது என வரம்பு கட்டி வைத்த மொழி உலகில் எத்துணை உண்டு? கலித்தொகையின் முல்லைக்கலி, தொழுவில் விடப்பட்ட ஏறுகளை அவற்றின் நிறத்தாலும் மறுக்களாலும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. இவை வெறும் பாட்டின்பம் அல்ல. மாட்டைப் பார்க்கத் தெரிந்த கண்ணின் பதிவுகள். பார்க்கத் தெரிந்தவனுக்கே பெயரிடத் தெரியும். பெயரிடத் தெரிந்தவனுக்கே பேணத் தெரியும்.

கல் சொல்லும் சான்று

காஞ்சியைத் தலைநகராக்கிப் பல்லவர் ஆண்ட காலத்துச் சான்று ஒன்றை இங்குக் காண்க. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆநிரை கவர வந்தாரோடு பொருது வீழ்ந்த மறவன் ஒருவனுக்கு எடுத்த கல் அது. அவன் அருகே நாய் ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன், மந்தை காத்த நாய்க்கும் பெயரிட்டுக் கல்லில் பொறித்த நாடு இத்தொண்டை நாடு! இன்றோ மந்தைக்கே பெயரில்லை.

இஃது அணிக்காகச் சொன்னதன்று. தமிழ்நாட்டுக்கு உரியனவாக இன்று எண்ணப்படும் மாட்டினங்கள் ஐந்து: காங்கேயம், உம்பளச்சேரி, பருகூர், புலிக்குளம், ஆலம்பாடி. இவ்வைந்தனுள் ஒன்றேனும் காஞ்சியின் பெயரையோ தொண்டை நாட்டின் பெயரையோ தாங்கியதன்று. பாலாற்றங்கரைச் சிற்றூர்களில் ஏரும் வண்டியும் இழுத்த நாட்டு மாடுகள், கணக்கெடுப்பில் ‘இனங்குறிக்கப்படாதவை’ என்னும் ஒரே கட்டத்துள் அடைக்கப்பட்டன. இனங்குறிக்கப்படாதது என்றால் இனமே இல்லாதது என்று பொருளன்று. குறிக்க எவரும் முயலவில்லை என்பதே பொருள். பெயரில்லாத மாட்டுக்குப் பதிவேடு இல்லை; பதிவேடு இல்லாததற்குப் பொலிகாளை இல்லை; பொலிகாளை இல்லாதது ஊசி வழியே வந்த அயல்வித்தை ஏற்கும். இரண்டு மூன்று தலைமுறையில் கதை முடிந்தது!

ஆட்டின் நிலையும் அதுவே. காஞ்சி, செங்கழுநீர்ப்பட்டு, திருவள்ளூர்ப் பகுதிகளில் மேயும் செந்நிற ஆட்டினத்துக்கு ஆய்வுலகம் சூட்டிய பெயர் ‘மெட்ராசு ரெட்’. காட்டுப்பாக்கத்து ஆய்வு நிலையத்தில் அவ்வினம் பேணி ஆயப்பட்டு வருகிறது, அப்பணி பாராட்டுக்குரியது. ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டும். செம்மை, மறி என்னும் இரு சொற்களும் சேர்ந்ததன்றோ செம்மறி? நிறத்தைப் பெயரிலேயே வைத்த இடையன் சொல் முன்னரே இருக்க, அதன்மேல் ‘ரெட்’ என்னும் ஆங்கில வண்ணம் பூசுவானேன்? தொண்டைச் செம்மறி என்று அழைத்தால் அந்த ஆடு மேய மறுத்துவிடுமா?

இதே நாட்டின் கோயிற் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்றொரு வழக்கு உண்டு. நொந்தா விளக்கு ஒன்று எரிய 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையளிப்பர். மன்றாடிகள் அவற்றை ஏற்று, நாள்தோறும் அளவிட்ட நெய்யைக் கோயிலுக்குத் தருவர். ஆடுகள் சாகும், மூக்கும், ஆயினும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமற் காத்தல் மன்றாடியின் கடன். ஆகலின் மந்தை சாவதுமில்லை, மூப்பதுமில்லை! இனப்பேணல் என்று இன்று பெரிதாகப் பேசப்படும் கருத்து முழுவதும் இவ்விரு சொற்களுள் அடங்கியிருக்கக் காண்க.

உயிருள்ள சொல், உயிருள்ள இனம்

பெயர் வாழும் இடத்தில் இனம் வாழ்கிறது என்பதற்குக் கொங்கு நாடே சான்று. காங்கேய மாட்டை வளர்ப்போர் மயிலை என்றும் காரி என்றும் செவலை என்றும் நிறம் பிரித்தறிவர். கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, சில திங்களில் அந்நிறம் உதிர்ந்து வெண்சாம்பல் ஏறுவதை அவர்கள் நாள் கணக்கோடு நோக்குவர். பல்லைப் பார்த்து அகவை சொல்வர். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள நிலத்திலேயே அவ்வினம் செழிக்கும் என்பதை அறிவர். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தைத் தேர்ந்து வளர்த்துப் புகழ்பெறச் செய்தார். கண்ணபுரத்திலும் அந்தியூரிலும் ஆண்டுதோறும் கூடும் மாட்டுச் சந்தைகளே உண்மையான கண்காட்சிகள். அங்கே தீர்ப்புரைப்பவன் வாங்க வந்தவன். அளவுகோல் அவன் கண்.

பருகூர் மலை மக்கள் தம் மாட்டைச் செம்மறை என்பர்; செந்நிறத்தில் வெண்மறை படிந்தது என்பதே பொருள். புலிக்குள மாட்டைக் கிடைமாடு என்பர். வயலில் கிடை கட்டி எருவூட்டும் அதன் தொழில் பெயரிலேயே தெரியும். தென்மாவட்டத்து வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு எனப் பிரிவு வகுத்தவர் எந்தக் கல்லூரியிற் படித்தனர்? போட்டிக்கு ஆங்கிலம் வேண்டும் என்பார் இப்பெயர்களைக் கேட்டு நாணுக!

மரபறிவு என்ற பெயரில் மூடக் கருத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டுவதில்லை. மாட்டின் மேலுள்ள சுழியைப் பார்த்து வாங்குவோனுக்கு ஆக்கம் வரும், கேடு வரும் என்பது பேதைமை. நல்ல மாடுகள் பல அப்பொய்யால் விலையிழந்து அடிமாடாய்ப் போயின. ஆனால் சுழி இருக்கும் இடத்தையும் வடிவையும் குறிக்கும் சொற்கள் பேதைமையல்ல. வாழ்நாள் முழுதும் மாறாத சுழி, ஒரு மாட்டை இன்னதென அடையாளங் காட்டும் குறி. பொய்யைத் தள்ளுக; சொல்லைக் கொள்ளுக.

ஏழையின் பாற்குடமும் இனத்தின் வேரும்

மறுத்துரைப்பார் ஒரு வினாவை எழுப்புவர்: ‘காங்கேய ஆ ஓர் ஈற்றில் தருவது ஏறத்தாழ 540 கிலோ பால், கலப்பினமோ பன்மடங்கு தருகிறது. தறி ஓடாத நாளில் கலப்பின ஆவின் பாலை விற்று உலையேற்றும் காஞ்சி நெசவாளியிடம் போய் இனத்தூய்மை பேசலாமா?’ நேர்மையான வினா இது. நேர்மையான விடை வேண்டும். அந்நெசவாளி குற்றவாளியல்லன். அவனுக்குப் பால் வேண்டும். கலப்பின ஆ அவனிடம் இருக்கட்டும். ஆனால் நாட்டு மாடு பாலுக்கென ஆக்கப்பட்டதன்று. உழவுக்கும் வண்டிக்கும் கவலைக்கும் எருவுக்கும் ஆக்கப்பட்டது. அதனைப் பாற்படியால் அளந்து தோற்றதென்று சொல்வது, பட்டுச்சேலையைக் கோணிப்பையோடு வைத்து எது மிகுதியாய் நெல் பிடிக்கும் என்று கேட்பதை ஒக்கும். குறைந்த தீனியில் வாழ்தல், வெயில் தாங்கல், உண்ணிக்கும் நோய்க்கும் எளிதில் சாயாமை, நெடுநாள் உழைத்தல் ஆகிய இவற்றுக்கு மதிப்பெண் வழங்கும் போட்டிகள் எத்துணை?

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பை நோக்குக. அதற்கு முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட, இந்தியா முழுவதிலும் அயலின, கலப்பின மாடுகள் 26.9 விழுக்காடு பெருகின. நாட்டு மாடுகள் 6 விழுக்காடு குறைந்தன. கலப்புக்கு ஊட்டும் வித்தும் பிறநாட்டுத் தூய இனத்திலிருந்தே வருகிறது என்பதை மறத்தலாகாது. செர்சித் தீவினர் 1789இல் சட்டம் இயற்றி, வெளிமாடு தம் தீவில் கால்வையாதபடி தடுத்தனர். 2008ஆம் ஆண்டில்தான் வெளிக்காளை வித்துக்கு அத்தீவின் கதவு திறந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தம் இனத்தைக் கலப்பின்றிக் காத்தவனின் வித்தை வாங்கி, நம் இனத்தைக் கலப்பதற்கு முன்னேற்றம் என்று பெயர்!

பிரேசில் நாட்டார் இன்னொரு பாடம் கற்பிக்கின்றனர். முன்பு சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த நெல்லூர்ப் பகுதியினின்று போன ஒங்கோல் மாட்டை அவர்கள் பல தலைமுறையாகப் பதிவேடு வைத்துப் பெருக்கினர். இன்று அந்நாட்டின் இறைச்சி மாடுகளில் பெரும்பான்மை அவ்வினமே. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘நெலோர்’. உபெராபா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் திமில்மாட்டுக் கண்காட்சியில் அப்பெயரே முழங்குகிறது. கடல் கடந்தவன் ஊர்ப்பெயரைக் காத்தான். ஊரில் இருந்தவன் மாட்டையும் பெயரையும் ஒருங்கே இழந்தான்.

எழுச்சி ஒன்று போதாது

ஏறுதழுவலுக்கு உச்ச முறைமன்றம் 2014 மே 7ஆம் நாள் தடை விதித்தது. 2017 சனவரியில் மெரினாக் கரையில் இளைஞர் வெள்ளம் திரண்டது. சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது. 2023 மே 18ஆம் நாள் ஐவர் ஆயம் அச்சட்டம் செல்லும் என்றது. வெற்றிதான்! அப்போராட்டத்தில் இளைஞர் வாயில் ஒலித்த தலையாய செய்தி, காளையைக் காத்தால் இனம் காக்கப்படும் என்பது. ஆனால் வாடிவாசலைத் திறந்ததோடு கடமை முடிந்ததா? காளையைத் தழுவ ஆயிரம் கைகள் நீள்கின்றன; ஆவைப் பேண எத்துணைக் கைகள் நீள்கின்றன? மந்தைவெளிகளும் மேய்ச்சற் புறம்போக்குகளும் வீட்டுமனைகளாய் மாறிய பின் காளை எங்கே மேயும்? சென்னையில் மந்தைவெளி என்றோர் இடம் உண்டு. அங்கே இன்று பேருந்துகளே மந்தை.

காஞ்சி மக்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். கோர்வை போட்டு நெய்த பட்டுக்கும் விசைத்தறிப் போலிக்கும் வேற்றுமை காணத் தெரியாத நாட்டில் காஞ்சிப்பட்டு வாழாது. அதனாலன்றோ அதற்குப் புவிசார் குறியீடு பெறப்பட்டது? பட்டுக்குப் பெயர்க்காப்பு வேண்டும் என்று உணர்ந்த ஊர், தன் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதனை வேண்டாமற் போனதேன்?

செய்ய வேண்டுவன நான்கு. ஒன்று: கண்காட்சி நடத்தும் கழகம் எதுவாயினும் மதிப்பெண் தாளையும் அறிவிப்பையும் தமிழில் வைக்க வேண்டும், திமில், அலைதாடி, மடி, குளம்பு, கொம்பு எனச் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. இரண்டு: நாட்டினத்தைக் கலப்பினத்தோடு ஒரே வரிசையில் நிறுத்தாமல், உழைப்புக்கும் தாங்குதிறனுக்கும் தனிப் பரிசு வழங்க வேண்டும், நடுவருள் ஒருவரேனும் மாடு மேய்த்த முதியவராய் இருத்தல் வேண்டும். மூன்று: தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் எஞ்சியுள்ள நாட்டு மாடுகளைத் தேடி, நிறம், கொம்பு, உயரம், வழங்கு பெயர் ஆகியவற்றைக் குறித்து ஆநிரைப் பதிவேடு ஒன்று தொடங்க வேண்டும், பள்ளி மாணவரே இதனைச் செய்யலாம். நான்கு: எஞ்சிய மேய்ச்சல் நிலத்தில் ஒரு சாணும் இனிப் பறிபோகாமல் ஊரவை காக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும், முதியவர் ஒருவரிடம் ‘ஐயா, இம்மாட்டை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?’ என்று கேட்கும் பணிவும் போதும். அம்முதியவர் மறையும்போது அவர் வாயிலுள்ள பெயரும் மறையும். பெயர் மறைந்தபின் மாடு கண்முன் நின்றாலும் அது பெயரிலியே.

மந்தை காத்த நாய்க்குக் கல் நட்ட மண்ணின் மக்களே! மந்தைக்கே கல் நடும் நாள் வருமுன் விழிமின்! சொல்லை மீட்மின்! சொல் மீண்டால் இனம் மீளும்!