பாட்டரியின் உஷ்ணமும் பட்டறையின் உரிமையும்

மின்சார வாகனங்களின் காலம் நம் நாட்டில் கால்கொண்டுவிட்டது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ராணிப்பேட்டையிலும் அவற்றை உற்பத்தி செய்யும் ஆலைகள் எழுந்திருப்பது தமிழர்கள் பெருமை கொள்ளத்தக்க விஷயமே. ஆயினும் ஒரு யந்திரத்தைச் செய்யத் தெரிந்த தேசம் அதைச் செப்பனிடவும் தெரிந்திருந்தால்தான் அந்தத் தொழில் முழுமையும் நம்முடையதாகும். இவ்விஷயத்தில் நாம் பின்தங்கி நிற்கிறோம்.

2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வேலூரில், வீட்டில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் மாண்ட துயரச் செய்தியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டில் தேசத்தின் பல பாகங்களில் இத்தகைய தீ விபத்துக்கள் நேர்ந்தபின், மத்திய சர்க்கார் நிபுணர் குழு ஒன்றை அமைத்து, ஏ.ஐ.எஸ். 156 என்னும் பாட்டரி விதிகளைத் திருத்தியது. திருத்தங்கள் 2022 டிசம்பர் 1 முதலும், 2023 மார்ச்சு 31 முதலும் இரு கட்டங்களாக அமுலுக்கு வந்தன. இவை புதிதாக விற்பனையாகும் வண்டிக்குக் காவல். ஐந்து வருஷம் உழைத்த வண்டிக்குக் காவல் யார் என்பதே நம் கேள்வி.

பாட்டரிக்குள் அதன் உஷ்ணத்தை அளக்கும் சென்சார்கள் சில உண்டு. பெரும்பாலும் இவை தெர்மிஸ்டர் என்னும் மிகச் சிறிய பொருள்கள். உஷ்ணம் ஏற ஏற இவற்றின் மின்தடை குறையும். சாதாரண வகை ஒன்று 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும். 40 டிகிரியில் சுமார் 5,300. 50 டிகிரியில் சுமார் 3,600. இக்கணக்கை நம்பியே சார்ஜ் ஏற்றலாமா, நிறுத்தலாமா என்று பாட்டரியை ஆளும் கருவி முடிவு செய்கிறது. லித்தியம் பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரியையே பொதுவாக மேல் எல்லையாகக் கொள்வர்.

இனி, கும்மிடிப்பூண்டி தாலூகாவில் பழவேற்காட்டு ஏரியை அடுத்துள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களை எண்ணிப் பாருங்கள். உப்புக் காற்றும் ஈரமும் இங்கே எந்த உலோகத்தையும் விட்டுவைப்பதில்லை. சென்சார் கம்பியின் இணைப்பில் களிம்பேறினால், அங்கே கூடுதல் தடை சேருகிறது. 1,700 ஓம் சேர்ந்தால் போதும். 50 டிகிரியில் கொதிக்கும் பாட்டரி 40 டிகிரிதான் என்று பொய் சொல்லும். சார்ஜும் தடையின்றி ஏறும். கம்பி அடியோடு அறுந்துபோனால் கருவி கடுங்குளிர் என்று காட்டி வண்டியை நிறுத்திவிடும். அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் குற்றம். பாதிப் பொய்யோ முழுப் பொய்யினும் கொடிது.

இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையன்று. இரவு முழுதும் நின்ற வண்டியில், விடியற்காலையில் எல்லாச் சென்சார்களும் ஏறக்குறைய ஒரே உஷ்ணத்தைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதைச் சந்தேகிக்கலாம். பிறகு அதைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் அளவு தெரிந்த தடை ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். கருவி சரியான உஷ்ணத்தைக் காட்டினால் கம்பி நன்று, சென்சாரே பழுது. தவறாகக் காட்டினால் கம்பியிலோ இணைப்பிலோ கருவியிலோ கோளாறு. ஹைபிரிட் கார்களிலும் முறை இதுவே. ஆனால் அவற்றிலும் மின்சாரக் கார்களிலும் உயிரைப் பறிக்கும் உயர் அழுத்த மின்சாரம் இருப்பதால், இணைப்பைத் துண்டித்து, குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, காப்புக் கையுறையுடன்தான் தொட வேண்டும். பயிற்சியில்லாதவர் பாட்டரிப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

சோதனைக்காக ஒரு நிமிஷம் வைக்க வேண்டிய அந்தத் தடையை நிரந்தரமாகவே பொருத்தி, எச்சரிக்கை விளக்கை அணைத்து அனுப்பிவிடத் தோன்றும் ஆசையையும் நாம் கண்டிக்கிறோம். நோயாளியின் ஜுரத்தைத் தணிக்காமல் ஜுரமானியை உடைப்பதற்கு ஒப்பானது அது. ஆயினும் பழி முழுவதையும் பட்டறைக்காரர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. தடை எத்தனை ஓம் இருக்க வேண்டும், கோளாறுக் குறியெண்ணுக்குப் பொருள் என்ன என்பவற்றைக் கம்பெனிகள் பூட்டி வைத்தால், அவர் குருடனைப் போலத் தடவாமல் வேறென்ன செய்வார்? வலையிழுத்துப் பிழைப்பவர் ஒரு சிறு இணைப்பைத் துடைக்க வேண்டிச் சென்னை வரை வண்டியை ஏற்றிச் செல்வதா? மீன் அதுவரை காத்திருக்குமா?

மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகார இலாகா, பழுது பார்க்கும் உரிமைக்கென 2022-ல் குழு ஒன்றை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையவாசல் ஒன்றையும் திறந்தது. நன்று. ஆனால் கம்பெனிகள் மனமுவந்து அளித்தால்தான் தகவல் என்ற நிலை, உரிமையாகாது; அது தயவு. மின்சார வாகனத் தொழில் 2015 முதல் பொது ஜனங்களின் வரிப்பணத்தில் மானியம் பெற்று வளர்ந்தது. அந்த ஜனங்களிடமே தகவலை மறைப்பது எவ்விதத்தில் தர்மம்?

ஆகவே நாம் கோருவன மூன்று. ஒவ்வொரு கம்பெனியும் தன் சென்சார்களின் தடை அட்டவணையையும் குறியெண்களின் பொருளையும் தமிழில் வெளியிடவேண்டும். மானியம் பெற இதை ஒரு நிபந்தனையாக்க வேண்டும். கடலோரத் தாலூகாக்களின் பட்டறைக்காரருக்குத் தொழிற் பயிற்சி நிலையங்கள் மாலை வகுப்பு நடத்தி, தகுதிச் சான்றும் அளிக்கவேண்டும்.

நம் வாசகர்களில் தேசப்பணி புரிவோர் பலர். அவர்கள் இக்கோரிக்கையைத் தத்தம் ஊர்க் கிராம சபைகளில் தீர்மானமாக்கி, சட்டசபை அங்கத்தினரிடம் சேர்ப்பிப்பார்களாக. அறிவைப் பூட்டி வைத்துவிட்டு யந்திரத்தை மட்டும் விற்பது, நம்மை வாங்குவோராகவே வைத்திருக்கும் ஏற்பாடாகும். அதற்கு நாம் உடன்படலாகாது.