சோம்பேறின்னு சொல்லாதீங்க

போன வாரம் கொழிஞ்சாம்பாறைக்கு ஃபோன் பண்ணினப்ப அத்தை மருமகளைப் பத்திப் புலம்பினாங்க. "வைரல் காய்ச்சல் விட்டு மூணு மாசமாச்சு, இன்னும் படுத்தே கிடக்கா. எல்லாம் மனசுதான், சோம்பேறித்தனம்."

எனக்குக் கோபம் வந்துடுச்சு. 2007-ல் இடுக்கி, கோட்டயம், பத்தனம்திட்டான்னு சிக்குன்குனியா பரவினப்ப, பீர்மேட்டில் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த எங்க அக்காவுக்கும் இதே பட்டம்தான். காய்ச்சல் ஒரு வாரம், மூட்டுவலியும் அசதியும் பல மாசம். விரலே மடங்காதவ எப்படிக் கொழுந்து எடுப்பா? "நடிக்கிறா"ன்னாங்க. போகாத நாளுக்குக் கூலியும் இல்லை.

நான் பி.காம். படிச்ச பேங்க் ஆசாமி, டாக்டர் இல்லை. ஆனா படிச்சுப் பார்த்தேன். ரியூனியன் தீவில் சிக்குன்குனியா வந்த ஒருத்தரோட மூட்டுச் சவ்வில், 18 மாசம் கழிச்சும் வைரஸோட மரபுப்பொருள் இருந்திருக்கு!

சரி, "மனசு"ன்னே வெச்சுக்குவோம். வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கிற பொருள் இன்டர்ஃபெரான். அதையே ஹெபடைடிஸ்-சி நோயாளிகளுக்கு ஊசியாப் போட்டப்ப பலருக்கு அசதியும் மனச்சோர்வும் வந்துச்சு. அவங்களும் சோம்பேறிகளா? கொரோனாவுக்குப் பின் நீடிக்கிற அசதி, மூச்சிரைப்பு, மறதியை எல்லாம் சேர்த்து 2021-ல் உலக சுகாதார நிறுவனமே தனி நோய்நிலையா வரையறுத்துச்சே!

ஊருக்குப் பேசும்போது நீங்களும் சொல்லுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டும். ரத்தசோகை, தைராய்டு இருக்கான்னு பார்க்கட்டும். ஓய்வு கொடுக்கட்டும். பட்டம் மட்டும் வேண்டாம்.