கைப்பேசியில் படிப்பு: நாம் எதை ஏற்றுக்கொண்டோம்?

2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது பலருக்கு நினைவிருக்கலாம். கூடவே வளாகத்துக்குள் செல்போனுக்கும் தடை. 2020 செப்டம்பரில் அதே பல்கலைக்கழகம் இறுதி செமஸ்டர் தேர்வை ஆன்லைனில் நடத்தியது. லேப்டாப் இல்லையா, கேமரா உள்ள போன் போதும் என்றார்கள். 15 வருடத்தில் இவ்வளவு தூரம்!

இதை வைத்து, மாணவர்கள் மொபைல் வழிக் கல்வியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

இதைப் பற்றிய ஆய்வுப் படிவங்கள் பலவும் 1989-ல் ஃபிரெட் டேவிஸ் சொன்ன மாதிரியை ஒட்டியவை. ஒரு கருவி பயனுள்ளது, சுலபமானது என்று தோன்றினால் மனிதர்கள் அதை ஏற்பார்கள். சரிதான். ஆனால் அவர் எண்ணியது அலுவலக மென்பொருள்களை. பிடிக்கவில்லையென்றால் மூடி வைத்துவிட்டுப் பழையபடி வேலை பார்க்கலாம். ஊரடங்கில் நாங்கள் எதை மூடி வைப்பது?

போனில் படிப்பது எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே என்பிடெல் பாடம் கேட்பேன். 2003-ல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியது. சென்னை ஐஐடிக்கு அதில் பெரிய பங்கு. புரியவில்லையென்றால் பின்னால் ஓட்டலாம், தெரிந்த இடத்தை வேகமாகத் தள்ளலாம். வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி இதைவிட நல்ல துணை கிடையாது (அந்த ஒரு ராத்திரிதான் படிப்பேன் என்பது வேறு விஷயம்).

காலை ஒன்பது மணி நேரலை வகுப்பு அப்படியல்ல. என் நண்பன் வீட்டில் இருந்தது ஒரே ஸ்மார்ட்போன். அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை வேலை. கடை திறந்ததும் போன் அவரோடு போய்விடும். ராத்திரி வந்த பிறகு முதல் உரிமை பத்தாவது படிக்கும் தங்கைக்கு. பிறகுதான் இவன். நேரலையில் இல்லாததால் தினமும் ஆப்சென்ட். 2021 ஜனவரியில் தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கார்டை எதில் போடுவான்?

பாடத்தைப் பதிவு செய்து போட்டிருந்தால் ராத்திரி 11 மணிக்குப் பார்த்திருப்பான். எங்கள் கல்லூரியில் கேட்டோம். வருகைப்பதிவு எடுக்க முடியாதே என்றார்கள்! படிப்பா, பதிவேடா? போனில் பாடம் நடத்துகிற எந்தக் கல்லூரியும் முதலில் "இந்தப் போன் உன்னுடையதா?" என்று கேட்க வேண்டும்.

செமஸ்டர் முடிவில் எங்களுக்கும் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. ஆன்லைன் படிவம்தான். "மொபைல் மூலம் கற்பது எனக்கு வசதியாக உள்ளது" என்ற கேள்விக்கு நண்பன் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்று போட்டான். ஏண்டா என்று கேட்டேன். "தங்கச்சி போனுக்குக் காத்திட்டிருந்தாடா, எல்லாத்துக்கும் முதல் பதிலையே தட்டிட்டேன்" என்றான்.