பாண்டி பஜாரைத் தாண்டினா?

பாண்டி பஜார் நடைபாதை 2019-ல் திறந்தப்போ பலரும் செல்ஃபி எடுத்தாங்க. நல்ல வேலைதான், மறுக்கல. ஆனா அங்கிருந்து மாம்பலம் ஸ்டேஷன் வரை நடந்து பாருங்க, வித்தியாசம் புரியும்.

சர்க்யூட்ல ஒரு இடத்துல வயர் அறுந்தாலும் கரன்ட் ஓடாது. நடைபாதையும் அப்படித்தான். 900 மீட்டர் பளபளன்னு இருந்தாலும், மீதி 100 மீட்டரை டிரான்ஸ்ஃபார்மரும் பைக்கும் அடைச்சிருந்தா ரோட்ல இறங்கித்தான் ஆகணும். ஆபத்து அந்த 100 மீட்டர்லதான்.

கொள்கைக்குப் பஞ்சமில்லை. போக்குவரத்து பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்னு சென்னை மாநகராட்சி 2014-லேயே சொல்லிடுச்சு. 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதைங்கிறதும் அதே கொள்கையின் இலக்கு.

"ரோட்ல இடம் எங்கே?"ன்னு கேப்பாங்க. நாள் முழுக்க ஓசியில நிக்குற கார்களுக்கு மட்டும் இடம் எப்படி வந்துச்சு?

அழகான ஒரு தெருவுக்குப் பதிலா, ஒரு ரயில் நிலையத்தைச் சுற்றி 500 மீட்டருக்கு எல்லாத் தெருவையும் இணைங்க. வேகம் குறைவான தெருவில் சைக்கிள் கலந்து போகலாம். பெரிய ரோட்டில் தனிப் பாதை வேணும், வெறும் பெயின்ட் கோடு காப்பாத்தாது. ஒரு வீல்சேர் ரோட்ல இறங்காம ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தா, அப்ப திறப்பு விழா வைங்க. நாங்களும் செல்ஃபி எடுக்க வர்றோம்.