காருக்கு வருஷா வருஷம் காஸ் ஏற்ற வேண்டுமா?

பங்குனி கடைசியிலேயே மதுரை வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்துவிடும். கைக்குழந்தையோடு திருமங்கலத்துக்கும் மேலூருக்கும் காரில் போய்வருகிற இளம் தாய்மார்கள் இந்தச் சமயத்தில்தான் என்னிடம் கேட்பார்கள்: "ஏ.ஸி.யில் குளிர்ச்சியே இல்லை. காஸ் தீர்ந்துபோச்சாம், ஏற்றிடலாமா?"

தீர்ந்துபோக அது என்ன சமையல் அடுப்பா? அடுப்பில் காஸ் எரிகிறது, காலியாகிறது. ஏ.ஸி.யில் எரிவதில்லை. நம் வீட்டு ஃப்ரிஜ்ஜில் போலவே மூடிய குழாய்க்குள் அதே காஸ் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஃப்ரிஜ்ஜுக்கு வருஷா வருஷம் காஸ் ஏற்றுகிறோமா என்ன? கார் குலுங்குகிற வண்டி, ரப்பர் குழாய்கள் வேறு. பல வருஷத்தில் கொஞ்சம் கசிவது சகஜம்தான். ஆனால் போன கோடையில் ஏற்றியது இந்தக் கோடைக்குள் போய்விட்டது என்றால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

ஒத்தக்கடையில் இருக்கும் என் சின்ன நாத்தனார் இரண்டு வருஷம் தொடர்ந்து காஸுக்குப் பணத்தைக் கொட்டினாள். மூன்றாம் வருஷம் வேறொரு மெக்கானிக், வயதானவர், பானெட்டைத் திறந்து ஒரு குழாய் மூட்டைக் காட்டினார். அங்கே மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக் கிடந்தது. காஸோடு கொஞ்சம் எண்ணெயும் சுற்றுவதால் கசிகிற இடம் இப்படிக் காட்டிக் கொடுத்துவிடுமாம். சின்ன ரப்பர் வளையம் ஒன்றை மாற்றிக் காஸ் நிரப்பியதோடு தொல்லை விட்டது.

மெக்கானிக்கிடம் போகுமுன் நீங்களே சிலதைக் கவனிக்கலாம். நாலுவழிச் சாலையில் ஜில்லென்று இருந்துவிட்டு, கோரிப்பாளையம் நெரிசலில் நின்றதும் அனலடிக்கிறதா? முன்பக்க விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். காற்றே மெதுவாக வருகிறதா, ஈரத்துணி நாற்றம் அடிக்கிறதா? பல கார்களில் டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் உண்டு. நம் ஊர்ப் புழுதிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இழுப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. காருக்கடியில் தண்ணீர் சொட்டினால் பயம் வேண்டாம். காற்றிலிருந்த ஈரம்தான் அது.

ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் கசிவை அடைக்க வேண்டும். பிறகு வாக்குவம் பம்ப் வைத்து, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது உறிஞ்ச வேண்டும். அதன் பின்புதான் காஸ். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் பல கார்களில் சீட்டு ஒட்டியிருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு முன்பின். "கொஞ்சம் கூடவே போடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்! அதிகமானாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு. பழைய காஸை வெளியே திறந்துவிடாமல் மெஷினில் பிடிக்கச் சொல்லுங்கள். ஓசோனை அரித்த ஆர்-12 காஸை 2010-க்குள் நம் நாட்டில் ஒழித்தாயிற்று. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் அது ஒரு கிலோ காற்றில் கலந்தால், 1300 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

ஏ.ஸி. எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெயிலில் நின்ற காரில் குழந்தையை உடனே ஏற்றாதீர்கள். நாலு கதவையும் திறந்து சூட்டை வெளியே விடுங்கள். சீட் பெல்ட் கொக்கியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு உட்காரவையுங்கள்; பிஞ்சுத் தொடையைப் பொசுக்கிவிடும் அது.